கிளி கேட்ட கேள்வி

(ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மனிதரல்லாத உயிர்களின் அறிவும் கலைஞனின் கற்பனையும்' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வரும்போது வாசலில் ஒரு தோழர் மடக்கினார். "நம்மள மனுசன்னே இன்னும் ஒத்துக்கல, அதுக்குள்ள நீ மனுசனைத் தாண்டிப் போறியா?" என்றார். நியாயமான கேள்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நம் தெருப் பிள்ளைகள் வாங்கிய வசவுகளை நினைத்துப் பாருங்கள். எருமை, கழுதை. கணக்கு வராவிட்டால், "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு". இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பேர் அடிபடுகிறார்கள். பையன், மாடு மேய்க்கிற அவன் அப்பன், அப்புறம் அந்த மாடு. என் தாத்தா மாடு மேய்த்தவர். அசைபோடுவதை மாடு நிறுத்தினால், காது சில்லிட்டால், அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மாடும் அவரைப் படித்து வைத்திருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் அதுவே வீட்டுப் பக்கம் திரும்பும். இந்த இரண்டு அறிவுக்கும் எந்த வாத்தியாரும் மார்க் போட்டதில்லை.

அறிவுக்கு மார்க் போடுகிற வேலையை யார் தொடங்கினார்கள்? 1905இல் பிரான்சில் ஆல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்கு. அமெரிக்கா போனதும் அது ஏணியாகிவிட்டது. முதல் உலகப்போரின்போது 17 லட்சத்துக்கும் மேற்பட்ட படையாட்களுக்குச் சோதனை வைத்தார்கள். கேள்விகளில் அமெரிக்கக் கடையில் விற்ற சாமான்களின் பெயரும் பேஸ்பால் ஆட்டக்காரர் பெயரும் இருந்தன. நேற்றுக் கப்பலில் வந்திறங்கியவனுக்கு அது எப்படித் தெரியும்? அந்த மதிப்பெண்களை வைத்து 1923இல் கார்ல் பிரிகாம் புத்தகம் எழுதினார். வட ஐரோப்பிய இனம் மேலே, கறுப்பர் கீழே. 1930இல் தன் முடிவுகள் தவறு என்று அவரே எழுதினார். அதற்குள் 1924இல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஏணி செய்தவன் தன்னை மேல்படியில் வைத்துக்கொண்டுதான் செய்கிறான். மனு செய்ததும் அதைத்தானே.

இங்கேதான் ஒரு கலைப் படைப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கரீபியக் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு. ஸ்பெயினிடம் இருந்து 1898இல் அமெரிக்கா பிடுங்கிக்கொண்டது. அங்கே அரெசிபோ என்ற இடத்தில் 1963இல் 305 மீட்டர் குறுக்களவில் ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார்கள். 1974இல் அங்கிருந்து, சுமார் 25 ஆயிரம் ஒளியாண்டு தொலைவிலுள்ள நட்சத்திரக் கூட்டத்துக்கு மனிதகுலத்தின் சேதியை அனுப்பினார்கள். அதே தீவில் பச்சைக்கிளி இனம் ஒன்று உண்டு. காடழிப்பாலும் புயலாலும், பிடித்து விற்றவர்களாலும் அழிந்து, 1970களின் நடுவில் காட்டில் மிஞ்சியது 13 கிளிகள்.

அந்தத் தீவில் வாழும் ஜெனிபர் அல்லோரா, கில்லெர்மோ கால்சதில்லா என்ற இரு கலைஞர்கள் 2014இல் இதை மூன்று திரைகளில் ஓடும் வீடியோவாகச் செய்தார்கள். பெயர் 'மாபெரும் மௌனம்'. அதற்கு எழுத்துத் தந்தவர் டெட் சியாங் என்ற அறிவியல் புனைகதைக்காரர். பேசுவது கிளி. அதன் கேள்வியை என் பாஷையில் சொன்னால் இதுதான்: 'அறிவுள்ள வேறு உயிரைத் தேடி வானத்தைத் துழாவுகிறாய். பக்கத்துக் காட்டில் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் காதில் ஏன் விழவில்லை?'

அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. கிளிகள், மனிதர் வளர்த்துக் காட்டில் விட்டதால் இன்னும் இருக்கின்றன.

நாம் 'கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான்' என்போம். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளரிடம் வளர்ந்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நிறம் சொன்னது, வடிவம் சொன்னது, ஆறு வரை எண்ணியது, இரண்டு பொருளில் எது ஒன்று எது வேறு என்றும் சொன்னது. 2007இல் செத்துப்போனது. ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான். 'தலையிலிருந்து பிறந்தவன், காலிலிருந்து பிறந்தவன்' என்று கதை கட்டிய ஊரில் இதை உரக்கச் சொல்ல வேண்டாமா?

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மிருகத்தின் பேரைச் சொல்லி மனிதனை மிதிக்கிறவர்களை நமக்குத் தெரியும். மகாடு குளத்தில் மாடு வாய்வைத்தால் தீட்டில்லை, தீண்டத்தகாதவன் கைவைத்தால் தீட்டு. அதனால்தான் 1927இல் அம்பேத்கர் அங்கே போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களை வண்டியில் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்கள் மாட்டைத் தாய் என்பவர்கள். தாய் என்று கும்பிட்டுவிட்டால் அது என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கிளி கும்பிடவும் சொல்லவில்லை, ஏணியில் ஒரு பதவி உயர்வும் கேட்கவில்லை. கேட்கிற காதைத்தான் கேட்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. மகளிர் குழுவிலிருந்து ஒரு அம்மா வருவார், கைநாட்டு. ஒருநாள் நான் போட்ட வட்டிக் கணக்கை வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு பேர் பேரையும் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, "முப்பத்தாறு ரூவா கொறையுது சார்" என்றார். நான் தாளைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் மைபூசிய கட்டைவிரலைப் பார்த்தேன். "மெசினு போட்டதும்மா, தப்பாகாது" என்றேன். அந்த அம்மா நகரவில்லை. மறுபடி போட்டேன். முப்பத்தாறு ரூபாய் குறைந்துதான் இருந்தது. பட்டம் வாங்கி நான் ஏறி நின்ற இடம் அதே ஏணியின் நடுப்படி என்று அன்று தெரிந்தது.

ஆகவே இளம் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கவிதைகளில் மாடும் பன்றியும் காக்கையும் நிறைய வருகின்றன, நம் வலிக்கு உவமையாக. அவை என்ன பார்த்தன என்று எழுதியிருக்கிறோமா? ஊர்த் தெருவில் போய், சேரிக்கும் வந்து, இரண்டு பக்கத் தண்ணீரையும் குடித்தது மாடு. செத்த பிறகு பறையில் தோலாக நின்று பேசியதும் அதுதான். அந்த மாட்டின் கண்ணில் சாதி எப்படித் தெரிந்திருக்கும்? எழுதிப் பாருங்கள்.

வாசலில் மடக்கிய தோழருக்குப் பதில்: நான் மனிதனைத் தாண்டிப் போகவில்லை தோழர். யார் மனிதன், யாருக்கு மூளை என்று எழுதிவைத்த ரிஜிஸ்டர் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன். நீங்களும் வாங்க.

ஜெய்பீம்.