ஆற்றைத் தொடாத பயணம்

விடுதியில் ஒரே வாளித் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்ட நண்பர்களே!

2019 ஜூன் மாதம். என் அறைத்தோழனும் நானும் லாஸ் வேகஸில் வாடகைக்குக் கார் எடுத்து, சயான், பிரைஸ் பார்த்துவிட்டு, கிராண்ட் கேன்யன் போனோம். விடிந்ததும் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினோம். மலையேறுவதற்கு நேர்மாறு இது. முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். கொலராடோ ஆறு சுமார் 1,300 மீட்டர் கீழே ஓடுகிறது. இறங்க இறங்க வெப்பம் கூடும். இறங்கிய நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும் என்று பூங்காவினரே எச்சரிக்கிறார்கள்.

மூன்று மைல் ஓய்விடத்தில் நண்பன் நின்றுவிட்டான்.

"போதும்டா, திரும்பிடலாம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஆத்தைத் தொடாமலா?"

"உங்க அம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

கோபத்தோடு திரும்பினேன். பாதி ஏற்றத்திலேயே கால் பிடித்துக்கொண்டது, வாந்தி வேறு. தன் பங்குத் தண்ணீரை என் தலையில் ஊற்றி, உப்பு பிஸ்கட் கொடுத்து, நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார வைத்து மேலே கொண்டுவந்து சேர்த்தான். ஆறு வரை போயிருந்தால்?

பாலத்துக்குப் பாதுகாப்புக் கணக்குப் போடும் இஞ்சினியர் நான். என் காலுக்குப் போட மறந்தேன். அவன் போட்டான்.

அதோ, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து சிரிக்கிறானே, அவன்தான். அன்று சொல்லாத நன்றியை இன்று உங்கள் முன்னால் சொல்லிக்கொள்கிறேன்.