களத்தைக் காக்கும் கூட்டு மருந்து

உணவு வாயிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் குழாயைக் களம் என்பர். உணவு செரிக்கும்பொருட்டு இரைப்பை ஐதரோக்குளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றது. அவ்வமிலம் தன்னையே அரிக்காதவாறு, அது தடித்த சீதப் படையொன்றைப் போர்த்துக்கொண்டுள்ளது. களத்துக்கோ அத்தகைய போர்வை இல்லை. இரண்டும் கூடுமிடத்திலுள்ள சுருக்குத் தசையே அதற்குக் காவல். அக்காவல் தளர்ந்தால் அமிலம் மேலேறும். நெஞ்செரிவும் புளியேப்பமும் தோன்றும். நோய் நாட்படின் களத்தின் மென்சவ்வு புண்படும். வடுவினாற் குழாய் ஒடுங்கும். சிலரிடத்து உட்படையின் இயல்பே மாறி, புற்றுநோய்க்கு வழிகோலுதலும் உண்டு. இம்மாற்றம், 1950ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதிய இலண்டன் சத்திர வைத்தியர் நோர்மன் பரெற்றின் பெயரால் வழங்குகின்றது.

இதற்கு ஒரு மருந்து போதாதா? பலருக்குப் போதும். 1988இல் வழக்கிற்கு வந்த ஒமெப்பிரசோலும் அதன் இனத்தவையும், அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்பிகளை அடைக்கின்றன. உணவு வரும் வேளையிலேயே அப்பம்பிகள் தொழிற்படுவதால், காலை உணவுக்கு அரைமணி முன்னர் குளிசையை விழுங்குதல் வேண்டும். உண்டபின் விழுங்கினாற் பயன் குறையும். ஆயினும், அம்மருந்து அமிலத்தைக் குறைக்குமேயன்றி, இரைப்பை நீர் மேலேறுவதைத் தடுக்காது.

ஆதலின், குறை தீராதார்க்கு வைத்தியர் துணைமருந்து சேர்ப்பதுண்டு. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேற்று, உணவுக்குப் பின்னும் உறங்குமுன்னும் பருகப்படுவது. அது இரைப்பை நீரின்மேல் நுரைத்த களியாகித் தெப்பம்போல் மிதந்து, மேலேறும் வழியை மறிக்கும். சுக்கிரல்பேற்று என்பதோ புண்ணின்மேல் ஒட்டிக் கவசமாகும். ஆனால் அது வேறு சில மருந்துகள் உடலிற் சேர்வதைத் தடுக்குமாதலால், அவற்றுக்கிடையே இரண்டு மணி நேரமாவது விடுதல் நன்று. சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாது அதனைத் தொடலாகாது.

பரெற் மாற்றமுற்ற 2,500க்கு மேற்பட்டோரைப் பிரித்தானியாவிலும் கனடாவிலும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. எசொமெப்பிரசோலை உயர்ந்த அளவில் அசுப்பிரினோடு சேர்த்துக் கொடுத்தமை மிகுந்த பயன் தந்ததாக அது கூறிற்று. இதனைக் கேட்டு எவரும் அசுப்பிரினைத் தாமே வாங்கி விழுங்கலாகாது. இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும் இயல்பும் அதற்குண்டு. ஒருவர்க்குக் காவலாவது மற்றொருவர்க்குக் கேடாகலாம்.

மருந்துகளின் எண்ணிக்கை மிகுவதனால் மட்டும் காவல் மிகுவதில்லை. வேளையும் இடைவெளியும் பொருந்தவேண்டும். இரவுணவை உறக்கத்திற்கு மூன்று மணி முன்னரே முடித்தலும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தலும் செலவில்லாத துணைகள்.

விழுங்குதல் தடைப்படினும், காரணமின்றி உடல் மெலியினும், இரத்தம் வாந்தியாயினும், மலம் கருநிறமாயினும் மருந்துக் கடையை நாடாது வைத்தியசாலைக்கு விரைக. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அதனை நெஞ்செரிவென்று எண்ணிக் காலந்தாழ்த்தலாகாது. எரிவைத் தணித்தல் எளிது. அதன் காரணத்தை அறிந்து தணித்தலே களத்தைக் காக்கும்.