யாப்புக்குள் சிரித்தவர்



புதுக்கவிதை என்றாலே உரைநடையை மடக்கி மடக்கி எழுதுவதுதானே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஞானக்கூத்தன் கவிதைகள் இரண்டைப் படித்துக் காட்டினால் போதும். முதலில் தாளம் காதில் விழும். அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிடும்.

மயிலாடுதுறையை ஒட்டிய திருஇந்தளூரில் 1938 அக்டோபர் 7 அன்று பிறந்தவர் அவர். வீட்டில் வைத்த பெயர் அரங்கநாதன். அந்த ஊர்ப் பெருமாளின் பெயரும் அதுதான். திருமந்திரத்தில் கொண்ட ஈடுபாட்டால் ஞானக்கூத்தன் என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். பிழைப்புக்குப் பொதுப்பணித்துறையில் உத்தியோகம். சேலத்திலிருந்து வந்த ‘நடை’ இதழில் 1968-இல் எழுதத் தொடங்கினார். 1970-இல் ந. முத்துசாமி, சா. கந்தசாமி முதலிய நண்பர்களோடு சேர்ந்து ‘கசடதபற’ சிற்றிதழைக் கொண்டுவந்தார். 1973-இல் வெளிவந்தது முதல் தொகுப்பு, ‘அன்று வேறு கிழமை’.

தமிழ்நாடு முழுக்க மேடைப் பேச்சில் மயங்கிக் கிடந்த காலம் அது. புலவர்கள் அரசர்களைப் புகழக் கையாண்ட யாப்பின் ஓசையை எடுத்து, அந்த மேடையையும் தலைவரையும் கைதட்டலையும் கேலி செய்தார் ஞானக்கூத்தன். ஓசை கம்பீரமாக நடக்கும். சொல்லப்படும் விஷயமோ அந்தக் கம்பீரத்தின் காலை வாரிவிடும். அவருடைய நகைச்சுவையின் சூட்சுமம் இதுதான்.

அந்த நகைச்சுவைக்கு ஓர் எடுத்துக்காட்டு. சங்கப் புலவர் மோசிகீரனாரின் கதை நமக்குத் தெரியும். அரச முரசை வைக்கும் கட்டில் என்று அறியாமல் ஏறித் தூங்கிய அவருக்குச் சேர அரசன் கவரி வீசினான். அந்தப் புலவரைத் ‘தோழர்’ என்று அழைத்து ஒரு கவிதை எழுதினார் ஞானக்கூத்தன். அரசாங்கத்தின் இடத்தில் முதன்முதலாகத் தூங்கியவர் என்பதால் வந்த தோழமை அது! எழுதியவரும் அரசு ஊழியர் என்பதை நினைத்துக்கொண்டால் சிரிப்பு இரட்டிப்பாகும்.

வெறும் நையாண்டிக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. நடுத்தர வர்க்கத்து மனிதனின் தனிமையையும் அபத்தத்தையும் குரல் உயர்த்தாமல் எழுதியவர் அவர். 2014-இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2016 ஜூலை 27 அன்று காலமானார்.

மரபைத் துறக்காமலே புதியவராக இருக்கலாம் என்று காட்டியவர் ஞானக்கூத்தன். அவருடைய தொகுப்பு கிடைத்தால் வாய்விட்டுப் படியுங்கள். அந்தக் கவிதைகள் கண்ணைவிடக் காதுக்கே அதிகம் சொந்தம்.