தாய்வழிச் சொத்தும் உடலின் உள்ளடுப்பும்

(சங்கத்தின் மாதக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பநாடர் காவியத்தில் ஒரு படலத்தை எடுத்துப் பேசுமாறு காரியதரிசியவர்கள் நமக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொறுத்தருள்க. கம்பர் இன்னும் பன்னாள் காத்திருப்பார். காத்திராத விஷயம் ஒன்று நேர்ந்துவிட்டமையால் அதனைச் சொல்லவே இன்று எழுந்தோம்.

சென்ற தை மாதத்தில் நம் தங்கை மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடியுந் தறுவாயில் இருந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று. பெண்ணும் பிள்ளையும் கண்டு இசைந்தாயிற்று. மூன்றாம் நாள் பிள்ளை வீட்டாரிடமிருந்து ஒருவர் வந்தார். “பெண்ணின் தாய்க்கும் சர்க்கரை, பாட்டிக்கும் சர்க்கரை என்று அறிந்தோம். தாய்வழி வரும் வியாதி வம்சத்தை விடாதாம். மனத்தாங்கல் வேண்டாம்” என்று சொல்லிக் காப்பியும் அருந்தாமற் போயினார். நம் தங்கை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மாலையில் நாம் உள்ளே சென்றபோது, “அண்ணா, என் உடம்பிலே இருந்ததல்லவா பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தது” என்று ஒரு சொல் சொன்னாள்.

அச்சொல் பல இரவு நம்மை உறங்கவொட்டவில்லை. நாம் தமிழ் கற்றோம், உடல்நூல் கற்றோமல்லேம். ஆயினும் எம் பள்ளியின் அறிவியல் ஆசிரியரையும் உறவில் மருத்துவராயுள்ள ஒருவரையும் அணுகிக் கேட்டும், அவர்கள் காட்டியவற்றைப் படித்தும், தாய்வழி வருவது யாது, வாராதது யாது என்று தெளிய முயன்றோம். தெளிந்த அளவே ஈண்டுச் சொல்லுகின்றோம்.

நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவ்வணுக்களுள் நுண்ணிய உறுப்புக்கள் சில உள. அவற்றுள் ஒன்றற்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். 1898-இல் பெண்டா என்னும் ஜெர்மானியர் இட்ட பெயர் அது. கிரேக்க மொழியில் மைட்டாஸ் என்றால் நூலிழை; காண்ட்ரியான் என்றால் சிறு மணி. நம் பாடநூலார் இதனை ‘இழைமணி’ என்று மொழிபெயர்த்தனர். கலைச்சொல்லாக்கம் என்னும் பெயரால் தமிழைப் படுத்தும் பாட்டை நாம் பலகாற் கண்டித்ததுண்டு. இச்சொல்லிலோ குறை காண இடமில்லை.

இழைமணியின் தொழில் அடுப்பின் தொழில். உண்ட சோறும் எண்ணெயும் செரித்துக் குருதி வழியே அணுவினுட் புகுகின்றன. மூச்சில் வாங்கிய பிராணவாயுவும் அங்கே சேர்கின்றது. இழைமணி அவ்விரண்டையுங் கொண்டு தீ தோன்றாமல் எரித்து, அவ்வாற்றலை ஏ.டி.பி. என்னும் ஒரு பொருளாக்கி வைக்கின்றது. கை அசைதலும், நெஞ்சு துடித்தலும், நினைத்தலும் அப்பொருளைச் செலவிட்டே நடைபெறுகின்றன. ஒருவன் ஒரு நாளில் ஆக்கிச் செலவிடும் ஏ.டி.பி. ஏறக்குறைய அவன் உடலெடை அளவினது என்பர். நெஞ்சத் தசையணுவில் மூன்றிலொரு பங்கு இடத்தை இழைமணிகளே கொண்டுள்ளன. இப்பொருளைத் தசையிற் கண்டறிந்தோருள் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு சென்றவர். 1929-இல் அவரும் பிஸ்க் என்பாரும் அங்கே கண்டனர். அவ்வாண்டிலேயே லோமன் என்பார் ஜெர்மனியிற் கண்டார். சுப்பாராவின் பெயரை நம் மாணவர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இனித் தாய்வழிக்கு வருவோம். இழைமணிக்குத் தனக்கென ஒரு சிறு மரபேடு உண்டு. அதில் 16,569 எழுத்துக்கள் உள்ளன. 1981-இல் கேம்பிரிட்ஜில் அதனை முற்றும் படித்து முடித்தனர். இம்மரபேடு தாயிடமிருந்தே மகவுக்கு வருகின்றது. தந்தையின் விந்தணுவிலும் இழைமணிகள் உண்டெனினும், கருவுற்றபின் அவை அழிந்தொழிகின்றன. எனவே ஓர் ஆண்மகனுடைய இழைமணி அவன் மக்களுக்குச் செல்வதில்லை. அவனுடைய உடன்பிறந்தாள் மக்களோ அவன் தாயின் இழைமணியையே பெற்றிருக்கின்றனர்.

அன்பர்களே, இதனைக் கேட்டபோது நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். சொத்து மகனுக்கில்லை, மருமகனுக்கே என்னும் வழக்கை நாஞ்சில்நாட்டாருக்கு யாரே சொல்லிக்கொடுக்க வேண்டும்! கவிமணியவர்கள் மருமக்கள்வழி மான்மியம் பாடி நகையாடியதும், கொல்லம் 1101-ஆம் ஆண்டு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பிறந்ததும் நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். திருவிதாங்கூர் அரசாங்கம் சட்டத்தால் மாற்றிய வழக்கை நம் உயிரணு இன்றுவரை மாற்றவில்லை.

ஆயின் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிள்ளை வீட்டார் பிழைத்த இடமும் இதுவே. இழைமணியைக் கட்டி நடத்துதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அவற்றுள் தாய்வழி ஏட்டில் எழுதப்பட்டவை 13 மட்டுமே. எஞ்சியவற்றிற்கெல்லாம் விதி அணுவின் நடுக்கருவில் உள்ளது. அது தாயும் தந்தையும் ஒத்த பாதியாய்த் தந்தது. அடுப்புத் தாய்வீட்டது எனினும், அதற்குச் செங்கல் சுமந்தவர் இரு வீட்டாருமே.

பொதுவாக நடுவயதில் நம்மவர்க்கு வரும் சர்க்கரை வியாதி, இருபாலும் வந்த பல மரபுக்கூறுகளோடு உணவும் உழைப்பின்மையும் கூடி விளைவது. தாயின் இழைமணி ஏட்டிற் பிழை நேர்ந்து அதனாலேயே வரும் சர்க்கரை மிக அரியது. அதற்கு ஓர் அடையாளம் சொல்லுகின்றனர்: தாய், அவள் உடன்பிறந்தார், அவள் மக்கள் எனப் பலர்க்குச் சர்க்கரையோடு காது கேளாமையும் இளமையிலேயே சேர்ந்து வரும். அத்தகைய குடும்பத்தார் அதனை மறையாது மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். தாய்வழிச் செவிடு உள்ளவர்க்குச் சில ஊசிமருந்துகள் கேள்வியை முற்றும் அழித்துவிடுமாதலின், சொல்லாமை பெருங்கேடாம். இது மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி. சம்பந்தம் முறிக்குங் கோடரியன்று. ஏட்டில் ஓரெழுத்துப் பிழைத்தமைக்குப் பெற்றவள் என் செய்வாள்? அவள் எழுதியதன்று அது. அவளும் அதனைப் பெற்றவளே.

இந்தியர் அடுப்பே மந்தமானதோ என்று ஐயுறுவார்க்கு ஓர் ஆராய்ச்சியைக் கூறுகின்றோம். அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்திலுள்ள ஸ்ரீகுமாரன் நாயர் என்பாரும் அவர் குழுவினரும் அங்கு வாழும் இந்தியரின் தசையைச் சோதித்து 2008-இல் வெளியிட்டனர். ஐரோப்பிய வழியினரின் இழைமணியினும் இந்தியரின் இழைமணி மிகுதியாகவே ஏ.டி.பி. ஆக்கவல்லதாயிருந்தது, சர்க்கரையுடைய இந்தியர்க்கும் அஃதில்லா இந்தியர்க்கும் அதில் வேற்றுமை காணவில்லை. இதற்கு மாறாக, 2004-இல் யேல் பல்கலைக்கழகத்தார், சர்க்கரையுற்றோரின் மெலிந்த இளமக்கள் சிலரிடம் இழைமணியின் வேலை 100-க்கு 30 அளவு குறைந்திருக்கக் கண்டனர். அடுப்பு மந்தித்தலால் நோயா, நோயால் அடுப்பு மந்தித்தலா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராத வழக்கை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லுதல் எந்த நியாயம்? மேலும், சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் நாடெங்கும் நடத்தி 2023-இல் வெளியிட்ட பேராய்வின்படி இந்நாட்டிற் சர்க்கரையுற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தில் வயது வந்தோருள் நால்வருக்கொருவர் அந்நோயர். சர்க்கரையில்லாத வீட்டிலேதான் பெண்ணெடுப்பதென்றால் பிள்ளை வீட்டார் இன்னும் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கும். நடந்தால் அவர்கள் உடம்புக்கும் நன்றே.

அடுப்புக் கெடுவது எவ்வாறு? விறகை வாய்கொள்ளாது திணித்து, மேலே பானை ஏற்றாது விட்டால் வீடெங்கும் புகை சூழும். இழைமணியிலும் அதுவே நிகழ்கின்றது. உணவு மிகுந்து, உழைப்பாகிய பானை ஏறாதபோது, எரிதல் தேங்கிக் கேடுதரும் ஆக்ஸிஜன் துகள்கள் பிறந்து, அடுப்பின் சுவரையே அரிக்கின்றன. புகையிலைப் புகையிலுள்ள நச்சுவாயுக்கள் அடுப்பின் காற்றுவாயை அடைக்கின்றன. மது அதனைச் சிதைக்கின்றது. இவையிரண்டையும் பற்றி விரித்துரைத்தல் வேண்டா. குடிப்போரும் அறிவர், அவர் மனைவியர் நன்கறிவர்.

உணவைப்பற்றிச் சிறிது விரிப்போம். நெல்லின் தவிட்டில் தயாமின் என்னும் ஒரு சத்து உண்டு. மாச்சத்து இழைமணியின் வாயிலைக் கடந்து எரிதற்கு அது திறவுகோல் போல்வது. தீட்டிய வெள்ளரிசியையே தின்றோர் அச்சத்தின்றிக் கால் சோர்ந்து நெஞ்சு வீங்கி மாண்டனர். பெரிபெரி என்பது அந்நோய். யாவா தீவில் ஐக்மன் என்பார் தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தள்ளாடக் கண்டு இவ்வுண்மைக்கு வழிகாட்டினார். 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. நம் பாட்டிமார் செம்பிலே நெல் அவித்து, பாயில் உலர்த்தி, உரலிற் குத்திய குத்தரிசியின் பெருமை இதுவே. தயாமின் என்ற பெயரை அவர்கள் கேட்டதில்லை. இன்று நம் கலியாணப் பந்தியில் முல்லைப்பூப் போல வெளுத்த சோறே மதிப்பென்றாயிற்று. அதனைக் குன்று போற் குவித்து, பின் அடைப்பிரதமனும் பால்பாயசமும் போளியும் ஒன்றன்மேலொன்றாக வார்த்து, உண்டவரை நாற்காலியிலிருந்து எழவொட்டாது செய்கின்றோம்.

மரச்சீனிக் கிழங்கையும் மறத்தலாகாது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் (1880-1885) திருவிதாங்கூரிற் பரப்பப்பெற்ற பயிர் அது. 1942-இல் பர்மா அரிசி நின்றபின் நம் நாட்டாரின் உயிரைக் காத்தது. அதிலே ஸயனைடு நஞ்சைத் தரும் பொருள் சிறிது உண்டு. ஸயனைடு கொல்லும் இடம் இழைமணியே. கிழங்கை நறுக்கி நிறைய நீரில் வேகவிட்டு, அந்நீரை இறுத்துக் கொட்டுதல் என்னும் நம் பெண்டிர் வழக்கம் அந்நஞ்சைப் பெரிதும் நீக்குவது. அவசரத்தால் அதனைக் கைவிடற்க. நெல்லறையில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளும் அவ்விடத்தையே தாக்குவன. படுக்குமறையில் நெல்மூட்டை அடுக்கி அவ்வில்லை வைப்போர் உளர், அது கொலைத்தொழில்.

“நம் முன்னோர் உழைத்து வாழ்ந்தனர், நாம் கெட்டோம்” என்று மேடையிற் பேசுதல் எளிது. உண்மை முழுதும் சொன்னால், கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் சேற்றில் இறங்கி உழுதவரும் நட்டவரும் பெரும்பாலும் வேறு குடியினர். நம் காரணவர் பலர் வரப்பிற் குடைபிடித்து நின்றவரே. ஆயினும் அந்த வரப்புக்கேனும் நடந்துபோயினர். இன்றோ அவ்வயல்களிற் பல மனைகளாயின. எஞ்சியவற்றில் இயந்திரம் அறுக்கின்றது. அடுத்த தெருவுக்கும் ஸ்கூட்டரிற் போகின்றோம்.

அடுப்பு அவிந்தால் மூட்டலாமோ எனின், ஆம் என்பதே விடை. 1967-இல் ஹாலோசி என்னும் அமெரிக்கர் எலிகளை நாடோறும் ஓடப் பழக்கி, அவற்றின் தசையில் இழைமணியின் வினைத்திறம் ஏறக்குறைய இருமடங்கானதைக் கண்டார். பிறப்பில் வந்த அளவே முடிவன்று என்பது இதனாற் புலனாகும். சென்னை மருத்துவர் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் சர்க்கரையின் எல்லையில் நின்ற 531 பேரைப் பல குழுவாக்கி ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். வாளா விடப்பட்டோருள் மூன்றாண்டளவில் 100-க்கு 55 பேர் நோயுற்றனர். உணவை அளந்து நடந்தோருள் 39 பேர். நடையாற் பலர் தப்பினர் என்பதும், நடந்தும் பலர் தப்பவில்லை என்பதும் இரண்டும் அதில் உண்மை. ஆதலின் நோயுற்றவரை நோக்கி, உன் சோம்பலால் வந்தது என்று இகழவும் நமக்கு உரிமையில்லை. மருந்துண்போர் நடையை நம்பி மருந்தை நிறுத்துதலும் கூடாது.

நம்முடைய கதையும் ஒன்றுண்டு. ஈராண்டுக்குமுன் குருதி பார்த்தபோது நாமும் அவ்வெல்லையில் நிற்பதாகச் சொன்னார்கள். அச்சத்தால் நாம் முதலிற் செய்தது, இழைமணிக்கு ஊட்டமென்று ஒருவர் வீடுதேடி வந்து விற்ற மாத்திரையை ஒரு மாதச் சம்பளத்திற் காற்பங்கு கொடுத்து வாங்கியதே. நான்கு மாதம் விழுங்கினோம். கணக்கு ஒரு புள்ளியும் இறங்கவில்லை. பின் வெட்கத்தோடு நடக்கத் தொடங்கினோம். இரவுச் சோற்றைப் பாதியாக்கிப் பயறும் கீரையும் கூட்டினோம். இரவு பதினொரு மணிவரை விடைத்தாள் திருத்துவதை விட்டோம். உறக்கக் குறைவும் இவ்வடுப்பிற்குப் பகை என்று மருத்துவர் சொன்னார். இப்போது எண்கள் எல்லைக்கு இப்பால் உள்ளன. நாளை எவ்வாறிருக்குமோ அறியோம்.

நம் தங்கையும் மூன்று மாதமாக நம்மோடு நடக்கின்றாள். மருமகளும் சில நாள் வருவாள். சம்பந்தம் வேறொன்று பேச வந்தவரிடம், கேட்குமுன்னரே, “எனக்குச் சர்க்கரை உண்டு, மருந்து உண்கின்றேன்” என்று தங்கை தானே சொன்னாள். அவர்கள் இன்னும் மறுமொழி விடுக்கவில்லை.

இனி ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு அனந்தனாற்றுக் கரையில் நடப்பதென்று நாங்கள் எட்டுப்பேர் ஏற்பாடு செய்திருக்கின்றோம். தாய்மார்களும் வரலாம், நால்வர் இப்போதே வருகின்றனர். சென்ற மழையிற் கரை இரண்டிடத்தில் இடிந்துள்ளமையால் வருவோர் கையில் டார்ச் விளக்குக் கொண்டுவருக.