வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன், தொழில் பத்தியெல்லாம் முன்னாடி பேசினவங்க நல்லாச் சொல்லிட்டாங்க. நான் குப்பையைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. குப்பையையும் ஓட்டையும் சேர்த்துப் பேசப் போறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க நான் இங்கே வரவில்லை. நம் கூட்டமைப்புக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பெண்களும் இதில் இருக்கிறோம். ஆனால் நம் ஒவ்வொருத்தர் கையிலும் ஓட்டு இருக்கு. அதை வாங்க வருகிறவர்களிடம் என்ன கேட்கணும் என்பதுதான் என் பேச்சு. அதில் நானே ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். அதையும் சொல்லத்தான் வந்தேன்.

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி, எல்லாத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் அறிவிச்சிருந்தாங்க. அதற்கு முந்தின தேர்தல் 2011-இல். 2016-க்கு அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல நமக்குக் கவுன்சிலரே இல்லை. தெருவிளக்கு எரியலைன்னாலும், குப்பை அள்ளலைன்னாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அலைந்தோம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காலி இடம். அதில் மலை மாதிரி குப்பை. ராத்திரியானால் யாராவது கொளுத்தி விடுவார்கள். விடியும் வரைக்கும் புகை. எங்க குழுவில் ஒரு அக்காவின் பேரனுக்கு இளைப்பு. பையனைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கோம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல.

அதனால் வேட்பாளர்கள் வந்தபோது நாங்கள் விடவில்லை. நாலு பேர் வந்தாங்க. நாலு பேரிடமும் கேட்டோம்: "பின்னாடி இருக்கிற குப்பை மேட்டை எடுப்பீங்களா?" நாலு பேரும், "ஜெயிச்சதும் முதல் வேலை அதுதான்மா" என்றார்கள். எங்களுக்கும் திருப்தி. ஜெயித்தவர் சொன்ன மாதிரியே செய்தார். மூணு மாசத்தில் ஜேசிபி வந்தது, லாரி வந்தது, இடம் சுத்தமாச்சு. நாங்க கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தோம்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓடைக்கரை வார்டு அக்கா ஒருத்தர் எழுந்தாங்க. "உங்க குப்பை எங்க வாசலுக்கு வந்துருச்சுக்கா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. எங்கள் தெருவில் அள்ளியதை எல்லாம் அந்த ஓடைக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். அந்த வருஷ மழையில் அது ஓடையை அடைத்து, தண்ணீர் திரும்பி, முழங்கால் அளவு அவர்கள் வீட்டுக்குள் போனது. நனைந்து போனது பாத்திரம் பண்டம் மட்டும் இல்லை. குழுக் கடனில் வாங்கிய ரெண்டு தையல் மிஷினும்தான்.

கவுன்சிலர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் அரைகுறை. "எடுப்பீங்களா" என்று கேட்டோம். "எடுத்து எங்கே கொண்டு போவீங்க" என்று கேட்கவில்லை. அந்த அக்கா இன்றைக்கும் இங்கே உட்கார்ந்திருக்காங்க. எல்லார் முன்னாலும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

அவங்கதான் எனக்கு ஒரு வழியும் சொன்னாங்க. "நம்ம குழுவில் ஒருத்தர் பத்தாயிரம் கடன் கேட்டா எத்தனை கேள்வி கேக்கறோம்? எதுக்கு, எப்படிக் கட்டுவே, எத்தனை தவணை, யாரு ஜாமீன்? எல்லாம் கேட்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித்தானே கொடுக்கறோம்? அஞ்சு வருஷத்துக்கு ஊரையே தூக்கிக் கொடுக்கறப்ப ஒரு கேள்வியோட விட்டுட்டமே" என்றார்கள். அதிலிருந்து தான் இந்தப் பேச்சே.

கேள்வி கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும்.

ஒன்று, இது யாருடைய வேலை? "அது கலெக்டர் பார்க்கிற வேலைம்மா" என்று சிலர் நழுவுவார்கள். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தத்தில் நகராட்சிகளுக்கு 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். குடிநீர், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கு. ஆகவே இது அவர்கள் வேலைதான்.

இரண்டு, நாம் ஓட்டுப் போடுவது நம் வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான். தலைவரையும் மேயரையும் ஜெயித்த கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் "ஊரையே சிங்கப்பூர் ஆக்குவேன்" என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால், "சரிங்கண்ணா, மன்றக் கூட்டத்தில் நீங்க என்ன பேசுவீங்க, எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குவீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கவுன்சிலரின் பலம் மன்றத்தில்தான் இருக்கு.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். ஐந்துதான். எழுதிக்கோங்க.

முதல் கேள்வி: நாங்க பிரிச்சுக் கொடுக்கிற குப்பை, பிரிச்ச மாதிரியே போகுமா? 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளில், மக்கும் குப்பை, மக்காத குப்பை, பழைய பேட்டரி, டியூப்லைட் மாதிரி அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தது. நம்ம உறுப்பினர்கள் சில பேர் பரப்புரையாளராக வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஆனால் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் நாளைக்கு யார் பிரிப்பார்கள்? உரம் தயாரிக்கும் கூடம் ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா? வேட்பாளர் அங்கே ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாரா?

இரண்டாவது: பழைய குப்பை மேடு எங்கே போகும்? இடம் மாற்றுவது தீர்வு இல்லை. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண்ணைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரிக்கிற 'பயோ மைனிங்' முறை பல ஊர்களில் நடக்கிறது. அதற்குப் பணம் எதில், டெண்டர் எப்போது, முடிய எத்தனை மாதம்? பிரித்த பிளாஸ்டிக் கடைசியில் யாரிடம் போகிறது? அதையும் விடாமல் கேளுங்கள்.

மூன்றாவது: சாக்கடைத் தண்ணீர் எங்கே சேருது? மழைநீர் வடிகால் மழைத் தண்ணீருக்குத்தான். அதில் கக்கூஸ் தண்ணீரை விட்டால் அது நேராக ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகும். "ஏரி எங்க கட்டுப்பாட்டில் இல்லை" என்று சொல்வார்கள். ஏரி வேறு இலாகாவாக இருக்கலாம். அதில் வந்து விழுகிற சாக்கடை யாருடையது?

நான்காவது: அடைப்பு எடுக்க யாரை இறக்குவீங்க? செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் பாதுகாப்பு இல்லாமல் மனுஷரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. மிஷின் எத்தனை இருக்கு? தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, பூட்ஸ், மாசம் பிறந்ததும் சம்பளம் கிடைக்குதா? அந்த வேலை செய்கிற பெண்கள் நம் குழுக்களில் இருக்காங்க. நம் தெரு சுத்தம் அவர்கள் உடம்பைக் கெடுத்து வரக் கூடாது.

ஐந்தாவது கேள்வியை வாயால் கேட்க வேண்டாம், கண்ணால் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கு. வேட்பாளர் வந்து போன பிறகு தெருவில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் டம்ளரும் கொடியும் தண்ணி பாக்கெட்டும் கிடந்தால் பதில் அங்கேயே இருக்கு.

இன்னொன்று. 2016-இல் இருந்து உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதிக்குப் பாதி இட ஒதுக்கீடு. ரொம்ப சந்தோஷம். ஆனால் வேட்பாளர் அம்மா கும்பிட்டபடி நிற்பார்கள், பக்கத்தில் வீட்டுக்காரர் பதில் சொல்வார். அப்போ மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, நாங்க அக்காகிட்ட கேட்டோம், அக்கா சொல்லட்டும்." அந்த அக்கா தடுமாறினாலும் பரவாயில்லை. நாமும் முதல் தடவை பேங்க் மேனேஜர் முன்னால் தடுமாறினவர்கள்தானே!

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். தேதி போட்டு, யார் என்ன சொன்னார் என்று. "பார்க்கலாம்மா" என்றால் "பார்க்கலாம்மா" என்றே எழுதுங்கள். எல்லா வேட்பாளரிடமும் அதே ஐந்து கேள்வி. அப்போதுதான் யாரும் நம்மைக் கட்சி கட்டுகிறோம் என்று சொல்ல முடியாது. யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது அவரவர் மனசு. அதில் கூட்டமைப்பு தலையிடாது.

ஜெயித்த பிறகும் நோட்டை மூடி வைக்காதீர்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. கிராமசபை மாதிரி நமக்கும் இப்போது ஒரு இடம் இருக்கு. அங்கே நோட்டோடு போங்கள். எங்கள் வார்டிலிருந்தும் ஓடைக்கரையிலிருந்தும் முப்பது பேர் சேர்ந்து, இரண்டு கவுன்சிலரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினோம். ஓடைக்கரைக் குப்பையில் பாதி போயிருக்கு. மீதி இன்னும் அங்கேதான் கிடக்கு. நான் பெருமை பேச வரவில்லை. அந்த மீதிதான் அடுத்த தேர்தலில் எங்க முதல் கேள்வி.

இந்த மன்றங்களின் ஐந்து வருஷம் முடிந்து மறுபடியும் ஓட்டுக் கேட்டு வருவார்கள். "என் தெருவைச் சுத்தமாக்கு" என்று மட்டும் கேட்காதீர்கள். என் தெருக் குப்பை இன்னொரு தங்கச்சி வாசலில் விழுந்தால் அது சுத்தமில்லை. நாம் எல்லா வார்டிலும் இருக்கிறோம். வேறு எந்தச் சங்கத்துக்கும் இல்லாத பலம் அது. எல்லா வார்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டால், குப்பையைக் கொண்டு போய்த் தள்ளுவதற்கு ஒரு மூலையும் மிச்சமிருக்காது.