குருதியும் பள்ளி ஏடும்



1883இல் கால்டன் என்ற ஆங்கிலேயர் பெயர் சூட்டிய 'யூஜெனிக்ஸ்' என்னும் இனமேம்பாட்டியல், அறிவும் குணமும் குருதிவழி வருவன என்று சாதித்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கேரி பக் என்னும் ஏழைப் பெண்ணைத் தாயைப் போலவே மதி குன்றியவள் என்றனர். அவளுடைய மகள் விவியனையும் ஏழு மாதக் குழந்தையாயிருக்கையிலேயே அவ்வாறு முடிவுகட்டினர். மூன்று தலைமுறை போதும் என்று 1927இல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். அவ்வாண்டே கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பெற்றது.

விவியனோ பள்ளி சென்றாள். 1931இல் நன்மாணவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது! ஆசிரியனாகிய எனக்கு அத்தீர்ப்பினும் அப்பள்ளி ஏடே பெரிது. மறு ஆண்டு, எட்டு வயதில், நோயுற்று இறந்தாள்.

சாதி குருதித் தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் மறுத்தெழுதினார். ஆயினும், "உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, பரம்பரை அப்படி" என்னும் குரல் இன்றும் எழுகிறது. கேட்டால் தலைகுனிந்து திரும்பிவிடாதீர்கள். பள்ளிக்கு வந்து மதிப்பெண் ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள்.