ஆறு குடியேற்றங்கள் ஒரு நாடான வரலாறு



ஞாலத்து நாடுகளுள் பல வாள்முனையில் பிறந்தவை. ஆத்திரேலியக் கூட்டரசோ பேச்சு மேடையிலும் ஒப்போலைப் பெட்டியிலும் பிறந்தது. எனவே, அதன் பிறப்பில் குருதிக் கறையே இல்லை என்று பெருமையாக எழுதுவாரும் உளர். குருதி அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சிந்தப்பெற்று வந்தது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1788-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், ஆர்தர் பிலிப்பு என்னும் கடற்படைத் தலைவர், பதினொரு கப்பல்களில் கொணர்ந்த ஒறுக்கப்பட்டோரையும் காவலரையும் சிட்னிக் கரையில் இறக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் சிறைகள் நிரம்பி வழிந்தன. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்றுவிட்டமையால், குற்றவாளிகளைத் தள்ளிவிட வேறு நிலம் வேண்டியிருந்தது. அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசிய தொல்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாய் வாழ்ந்து வந்தனர். அவர்களோடு உடன்படிக்கை எதுவும் செய்துகொள்ளப் பெறவில்லை. உரியவர் கண்ணெதிரே நிற்க, உரியவரில்லா நிலம் என்றே அது கொள்ளப்பெற்றது! அக்கொள்கை தவறென்று அந்நாட்டின் உயர்முறைமன்றம் தீர்ப்புரைத்தது 1992-இல். இடையில் கழிந்தவை இருநூற்று நான்கு ஆண்டுகள்.

நியூ சவுத்து வேல்சு என்னும் அம் முதற் குடியேற்றத்தினின்று தாசுமேனியா 1825-இலும், விக்டோரியா 1851-இலும், குயின்சுலாந்து 1859-இலும் பிரிந்தன. மேற்கு ஆத்திரேலியா 1829-இலும் தெற்கு ஆத்திரேலியா 1836-இலும் தனித்தனியே நிறுவப்பெற்றன. ஆறும் ஒரே அரசியின் கொடிக்கீழ் இருந்தன, ஆங்கிலமே பேசின. ஆயினும் ஒன்றையொன்று அயல்நாடாகவே கருதின. மர்ரே ஆற்றின் இருகரையிலும் சுங்கச் சாவடிகள் நின்றன. ஆற்றைக் கடக்கும் கோதுமைக்கும் பழத்திற்கும் வரி தண்டினர். இருப்புப் பாதையின் கதையோ நகைப்பிற்குரியது. நியூ சவுத்து வேல்சின் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம். விக்டோரியாவினது 5 அடி 3 அங்குலம். குயின்சுலாந்தினது 3 அடி 6 அங்குலம். 1883-இல் சிட்னிப் பாதையும் மெல்பேண் பாதையும் ஆல்பரி நகரில் சந்தித்தன. ஆனால் வண்டிகள் சந்திக்க முடியவில்லை. பயணிகள் நள்ளிரவிலும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் தத்தம் வீட்டு வாயிலை வேறு வேறு அளவில் அமைத்துக் கொண்டாற் போன்றது இது!

இந்நிலை மாற வேண்டும் என்று 1889 அகுத்தோபர் 24-ஆம் நாள் தெந்தர்பீல்டு என்னும் சிற்றூரில் முழங்கியவர் நியூ சவுத்து வேல்சின் முதலமைச்சர் என்றி பார்க்சு. 1891-இல் சிட்னியில் கூடிய மாநாட்டில் அரசியலமைப்பின் முதல் வரைவு உருவாயிற்று. அதனைத் திருத்திச் செப்பனிட்ட குழுவினர், குயின்சுலாந்து அரசின் 'உலூசிண்டா' என்னும் நீராவிக் கப்பலில் ஆற்றிடையே அமர்ந்து பணியாற்றினர். ஆனால் குடியேற்ற மன்றங்கள் அதனைக் கிடப்பிற் போட்டன. 1893-இல் வைப்பகங்கள் பல முறிந்து நாடே தத்தளித்தது.

தலைவர்கள் கைவிட்ட பணியை ஊர் மக்கள் கையிலெடுத்தனர். அதே 1893-இல், சுங்கச் சாவடியால் நாளும் துன்புற்ற மர்ரே ஆற்றங்கரையின் கொரோவா நகரில் கூட்டாட்சிக் கழகத்தார் கூடினர். அரசியலமைப்பை வரைவோரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும், வரைந்ததை மக்களே ஒப்ப வேண்டும் என்னும் சான் குவிக்கு அவர்களின் முன்மொழிவை அக்கூட்டம் ஏற்றது. அரண்மனைகளில் தோன்றாத கருத்து ஆற்றங்கரையில் தோன்றிற்று.

அவ்வாறே 1897-98-இல் அடிலெய்டு, சிட்னி, மெல்பேண் நகர்களில் மாநாடு நடந்தது. அங்கெழுந்த பெரும்பூசல், பெரியவருக்கும் சிறியவருக்கும் இடைப்பட்டது. நியூ சவுத்து வேல்சில் 13 இலக்கம் மக்கள். தாசுமேனியாவில் 2 இலக்கத்திற்கும் குறைவு. தலையெண்ணி ஆள்வதென்றால் சிறியவை விழுங்கப்படும். எனவே மேலவையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஆறாறு இடங்கள் ஒப்ப வழங்கப்பெற்றன. நடுவணரசின் சட்டமியற்றும் உரிமைகள் முதன்மையாக ஒரே பிரிவில் முப்பத்தொன்பது உட்பிரிவுகளாய் வரையறுக்கப்பெற்றன. எஞ்சியவை மாநிலங்களுக்கே உரியவாயின. ஒரு மாநிலத்தின் எல்லையை அம் மாநில மக்களின் இசைவின்றி மாற்றவியலாது. கூடிவாழ வந்தவர் தம்மை இழந்து கூட விரும்பவில்லை என்பதற்கு இவ்வேற்பாடுகளே சான்று.

1898-இல் நடந்த குடியொப்பத்தில் நியூ சவுத்து வேல்சில் ஆதரவு ஒப்போலைகளே மிகுந்தும், 71,595 மட்டுமே கிடைத்தமையால், வேண்டிய 80,000-ஐ எட்டாது தோற்றது. தலைநகர் அம் மாநிலத்திலேயே, ஆனால் சிட்னிக்கு நூறு கல் தொலைவிற்கு அப்பால் அமையும் என்று உடன்பாடு கண்டபின், 1899-இல் வென்றது. மேற்கு ஆத்திரேலியா இறுதிவரை தயங்கிப் பொன்வயல் தொழிலாளரின் ஆதரவால் 1900 சூலையில் இணைந்தது. (அதே மாநிலம் 1933-இல் பிரிந்துபோக மூன்றில் இரு பங்கினர் அளவில் ஒப்பமளித்ததும், பிரித்தானிய நாடாளுமன்றம் அவ் வேண்டுகோளை ஏற்க மறுத்ததும் பின்னைக் கதை.) 1901 சனவரி முதல் நாள் கூட்டரசு பிறந்தது. எட்மண்டு பார்ட்டன் முதல் தலைமையமைச்சரானார். பார்க்சு அதனைக் காணாது 1896-இலேயே மறைந்திருந்தார்.

தமக்குள் இத்துணை நயன்மை பார்த்தவர்கள் பிறர்க்குச் செய்தது யாது? மாநில மக்கள் தொகையைக் கணக்கிடும்போது தொல்குடியினரைச் சேர்க்கலாகாது என்று அவ் வரசியலமைப்பின் 127-ஆம் பிரிவு கூறிற்று. ஆடுமாடுகளுக்கும் கணக்கு வைத்திருந்தவர்கள், மண்ணின் மக்களைக் கணக்கில் கொள்ளவில்லை. 1967-ஆம் ஆண்டுக் குடியொப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் ஒப்பி அப்பிரிவை நீக்கினர்.

புதிய நாடாளுமன்றம் 1901-இலேயே இயற்றிய குடிவரவுத் தடைச்சட்டமோ மொழியையே கருவியாக்கிற்று. வந்திறங்குவோரிடம் அலுவலர் ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் செய்வார். எழுதத் தவறின் திருப்பியனுப்பலாம். எம்மொழி என்பது அலுவலரின் விருப்பம்! சீனர், இந்தியர் என்று பெயர் சுட்டாமலே அவர்களைத் தடுக்கும் சூழ்ச்சி அது. தமிழர் உள்ளிட்ட இந்தியரைத் தடுக்க நேட்டாலில் 1897-இல் இயற்றப்பெற்ற சட்டமே அதற்கு முன்மாதிரி.

1934-இல் அச்சூழ்ச்சி அரங்கேறி நாணிற்று. போரையும் இட்லரின் கொடுங்கோன்மையையும் எதிர்த்துப் பேச வந்த பிராகு நகர எழுத்தாளர் எகான் கிச்சு, இறங்க இசைவு மறுக்கப்பட்டதால் மெல்பேணில் கப்பலினின்று குதித்துக் கால் முறிந்தார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அவரைச் சிட்னியில் இசுக்காத்துலாந்தின் கேலிக்கு மொழியில் எழுதச் சொன்னார்கள். எழுதவியலாமையால் தளையிட்டனர். வழக்கு உயர்முறைமன்றம் சென்றது. கேலிக்கு, அச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியே அன்று எனத் தீர்ப்பளித்துக் கிச்சுவை விடுவித்தது மன்றம். அயலவரைத் தடுக்கப்போய்த் தம் முன்னோர் சிலரின் தாய்மொழியையே மொழிப்பட்டியலினின்று தள்ளினர். இசுக்காத்துலாந்து வழியினர் கொதித்தெழுந்தனர். அத் தேர்வு 1958-இல் ஒழிந்தது.

பிரித்தானியப் பிடி ஒவ்வொரு முடிச்சாகவே அவிழ்ந்தது. வெசுட்டுமினிசுட்டர் சட்டத்தை அந்நாடு ஏற்றது 1942-இல். இலண்டன் நாடாளுமன்றம் சட்டமியற்றும் உரிமையும், இலண்டனுக்கு மேல்முறையீடும் முற்றாய் ஒழிந்தது 1986-இல். முதன்மைத் தலைநகர்களை ஒரே அகலப் பாதை இணைத்து முடித்தது 1995-இல்தான். தொல்குடியினரை அரசியலமைப்பில் ஏற்று, அவர்தம் குரலுக்கு ஓர் அவை காணும் முன்மொழிவோ 2023-இல் ஆறு மாநிலங்களிலும் தோற்றது.

250-க்கு மேற்பட்ட அம் மொழிகளுள் ஏறத்தாழப் பன்னிரண்டையே இன்று குழந்தைகள் தாய்மொழியாகப் பேசி வளர்கின்றனர். ஏனையவற்றுட் சிலவற்றை முதியோர் நினைவிலிருந்தும் பழைய சொற்குறிப்புகளிலிருந்தும் அவ்வம் மக்களே மீட்டு வருகின்றனர். அம் மொழிகளைக் காப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்றிய முதல் மாநிலம், பிலிப்பின் கப்பல்கள் வந்திறங்கிய அதே நியூ சவுத்து வேல்சு, ஆண்டு 2017.